கான்ட் புரியவில்லை என்றால் படிப்பை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு ஏற்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. சேலத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ஆசைப்பட்டுச் சென்னையில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்தேன். முதல் பருவம் முடிந்து விடுமுறைக்கு வந்திருக்கிறேன். கான்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதியின் நூலில் பத்துப் பக்கம் படிக்க நான்கு மணி நேரம் ஆகிறது. படித்து முடித்தால் ஒன்றும் நிற்பதில்லை. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் பற்றி எழுதிய கட்டுரைக்கு 25-க்கு 11. "சுருக்கம்தான் இருக்கிறது, வாதம் இல்லை" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் பெயர் பெயராகச் சொல்லிப் பேசுகிறார்கள். நான் இதுவரை வாயே திறந்ததில்லை. போதாக்குறைக்கு, கடவுள் உண்டா என்ற பாடத்தை வீட்டில் பேசப்போய் அம்மாவுக்கு மனவருத்தம். "கணக்கில் பி.எட். சேர்ந்து டீச்சர் ஆகிவிடு" என்கிறார்கள். விட்டுவிடவா? தொடர்ந்தால் இந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது? கையில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது, என்ன புத்தகம் வாங்கலாம்?
(ஏற்காட்டு வாசகி ஒருவர்)

பதில்: விட வேண்டாம். குறைந்தது இரண்டாம் பருவத் தேர்வு முடியும் வரை இருங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கான்ட் நிற்காதது, மதிப்பெண் குறைந்தது, வகுப்பில் வாய் அடைத்துப்போனது, இந்த மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்த வேர் என்ன என்று உங்கள் கட்டுரையின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பட்டப்படிப்பு வரை நமக்குப் பழகிய கேள்விகள் "குறிப்பு வரைக", "விவரி" வகை. ஹியூம் எந்த நூற்றாண்டு, என்ன நூல் எழுதினார், என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். தத்துவத்தில் அவர் என்ன சொன்னார் என்பதற்குக் கிடைப்பது சொற்பம். எந்தக் காரணங்களிலிருந்து அந்த முடிவுக்கு வந்தார், அந்தக் காரணங்களில் எது பலவீனம், அதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்பதற்குத்தான் மதிப்பெண். தேற்றத்தின் கூற்றை மட்டும் எழுதிவிட்டு நிரூபணத்தை விட்டிருந்தால் உங்கள் கணித ஆசிரியர் எவ்வளவு போட்டிருப்பார்? 11 தாராளம்.

ஹியூமையே எடுத்துச் செய்துபார்ப்போம். 1748-இல் வந்த மனித அறிவாற்றல் பற்றிய ஆய்வு நூலில் நான்காம் பகுதி. உங்கள் கட்டுரை பெரும்பாலும் இப்படி இருந்திருக்கும்: "ஹியூம் ஓர் அனுபவவாதி. காரணகாரியத் தொடர்பை நாம் பழக்கத்தால்தான் நம்புகிறோம் என்றார். நாளை சூரியன் உதிக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்." இதில் பொய் இல்லை, வாதமும் இல்லை. அதே பகுதியை இப்படி எண் போட்டுப் பிரிக்கலாம்:

(1) இதுவரை காணாததைப் பற்றி அனுபவத்தை வைத்து நாம் செய்யும் முடிவுகள் எல்லாம், இனி வருவதும் இதுவரை வந்ததைப் போலவே இருக்கும் என்ற எண்ணத்தின் மேல் நிற்கின்றன.
(2) அந்த எண்ணத்தை நியாயப்படுத்த வேண்டுமானால் இரண்டே வகைத் தர்க்கம் உண்டு: கணிதத்தைப் போன்ற நிறுவல், அல்லது அனுபவத்திலிருந்து எடுக்கும் அனுமானம்.
(3) நிறுவலால் முடியாது. இயற்கை நாளை மாறிவிடும் என்று நினைத்துப் பார்ப்பதில் எந்த முரண்பாடும் இல்லை.
(4) அனுபவ அனுமானத்தாலும் முடியாது. அது ஏற்கெனவே (1)-இல் உள்ள எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, வட்டமடித்தல் ஆகிவிடும்.
(5) ஆகவே அந்த எண்ணத்துக்கு அடிப்படையாக எந்தத் தர்க்கமும் இல்லை.

கோடையில் முதல் மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளில் காப்பி பூக்கும் என்று உங்கள் அப்பா சொல்வார், பெரும்பாலும் பலிக்கும். அது பலிக்குமா என்று ஹியூம் கேட்கவே இல்லை. பூக்காது என்றும் அவர் சொல்லவில்லை. மாணவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். போன வருடங்களில் பூத்தது என்பதிலிருந்து இந்த வருடமும் பூக்கும் என்பதற்குப் போக எந்தப் படி உதவுகிறது என்பது மட்டும்தான் அவர் கேள்வி. படி எதுவும் இல்லை, பழக்கம்தான் நம்மைத் தூக்கிச் செல்கிறது என்பது அவர் அடுத்த பகுதியில் தரும் பதில்.

ஐந்து வரியாக வந்த பிறகு எங்கே தட்டிப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியும். (2)-இல் இரண்டு வகைதான் உண்டு என்று யார் சொன்னது? (4)-இல் எல்லா வட்டமும் ஒரே அளவுக்குக் கெட்டதா? (1)-க்கு நியாயம் கேட்பதே பொருந்தாது, சான்றுக்கு ஏற்ப நம்புவதைத்தானே நாம் 'நியாயமான நம்பிக்கை' என்கிறோம் என்று 1952-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஸ்ட்ராசன் வாதிட்டார். அதை ஏற்கலாமா? இந்த மூன்றில் ஒன்றை எடுத்து நான்கு பக்கம் எழுதியிருந்தால் அந்த ஓரக்குறிப்பு வந்திருக்காது.

இனி வாசிப்பு. பத்துப் பக்கத்துக்கு நான்கு மணி நேரம் என்றால் மணிக்கு இரண்டரைப் பக்கம். கடினமான மூலநூலுக்கு மணிக்கு மூன்று முதல் ஐந்து பக்கம் சாதாரண வேகம். நீங்கள் ஒன்றும் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. நேரம் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கையில் ஒரு தாள்கூட இல்லையே, அதற்குத்தான் கவலைப்பட வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வேகத்தில் படித்தால் எதுவும் நிற்காது. ஒரே பகுதியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேலைக்காகப் படியுங்கள்.

முதல் தடவை பேனா தொடாமல் இருபது நிமிடம். புரியாத வாக்கியத்தில் நிற்கக் கூடாது. இவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார், பதில் ஆமா இல்லையா என்பதை மட்டும் தேடுங்கள். இரண்டாம் தடவை பத்திகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு பத்தியும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் ஒரு சொல்: கூற்று, காரணம், எதிர்ப்பு, பதில், எடுத்துக்காட்டு, விலகல். பாதிப் பத்திகள் எடுத்துக்காட்டாகவோ விலகலாகவோ இருக்கும். அவற்றில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. மூன்றாம் தடவை புத்தகத்தை மூடிவைத்து, மேலே ஹியூமுக்குச் செய்ததைப்போல ஐந்தாறு வரி எழுதி, பிறகு திறந்து சரிபாருங்கள். எந்த வரிக்கும் எந்தக் காரணத்துக்கும் தொடர்பு தெரியவில்லையோ அந்த இடத்தைத்தான் வகுப்பில் கேட்க வேண்டும்.

இரண்டாம் தடவையில் ஒரு படுகுழி உண்டு. நூலாசிரியர் எதிராளியின் கருத்தை எடுத்துச் சொல்லும் இடத்தை அவருடைய சொந்தக் கருத்து என்று குறித்துக்கொள்வது. இடைக்காலக் கிறிஸ்தவ அறிஞர் அக்வினாஸின் தொகைநூலில் ஒவ்வொரு வினாவும் எதிர்ப்புகளில்தான் தொடங்கும். அவருடைய விடை நடுவில் வரும், எதிர்ப்புகளுக்குப் பதில் கடைசியில். நம் மரபில் பூர்வபட்சம் (எதிராளி கருத்து), சித்தாந்தம் (தன் முடிவு) என்ற பிரிப்பு இதற்காகத்தான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் முழுவதும் பிறர் மதங்களைச் சொல்லிச் சொல்லி மறுக்கிற பகுதி. கடவுளை ஏற்காத உலகாயதன் பேசும் பாட்டை எடுத்து "அருள்நந்தி சிவாச்சாரியார் கூறுகிறார்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஹியூமின் சமய உரையாடல்களைப் படிக்கிறவர்கள் இந்தத் தவற்றைத் தாராளமாகச் செய்கிறார்கள். ஓரத்தில் "இவர்" "எதிராளி" என்று இரண்டு குறி போட்டுப் பழகுங்கள்.

கான்ட் விஷயத்தில் கூடுதலாக மூன்று. முதலாவது, தூய அறிவு விமர்சனத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். 1781-இல் அது வந்தபோது சரியாகப் புரிந்துகொள்ளப்படாததால்தான் 1783-இல் புரோலெகோமெனா என்ற சிறுநூலை அவரே எழுதினார். அதை முதலில் படித்துவிட்டுப் பெரிய நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரைக்கும் அறிமுகத்துக்கும் போங்கள். இரண்டாவது, ஓரத்தில் இருக்கும் ஏ, பி எண்கள்: ஏ என்பது 1781 பதிப்பின் பக்கம், பி என்பது 1787 பதிப்பின் பக்கம். கட்டுரையில் இந்த எண்ணைத்தான் தர வேண்டும். கைபேசியில் இருக்கும் பி.டி.எஃப். கோப்பின் பக்க எண் யாருக்கும் உதவாது. பிளேட்டோவுக்கும் இதேபோல் 1578-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வந்த ஓர எண்கள் உண்டு. மூன்றாவது, கலைச்சொல் நோட்டு ஒன்று. ஒரே சொல் ஆளுக்கு ஒரு பொருளில் வரும்: பிளேட்டோவின் ஐடியா மனத்துக்கு வெளியே நிலையாக இருப்பது, லாக்கின் ஐடியா மனத்துக்குள் இருப்பது. கான்ட்டின் 'அ ப்ரியோரி' என்பதைப் 'பிறவியிலேயே வருவது' என்று குறித்துக்கொண்டவர்கள் அந்தப் பருவம் முழுக்க அல்லாடுவார்கள். அனுபவத்தைச் சான்றாகக் கொள்ளாத அறிவு என்பதுதான் அதன் பொருள். நோட்டில் சொல், ஆள், பொருள், இடம் என்று நான்கு நெடுவரிசை. அகராதிப் பொருள் எழுதாதீர்கள்.

ஆங்கிலம்தான் தடை என்றால் ஜோனதன் பென்னட் என்ற பேராசிரியர் டெகார்ட், லாக், ஹியூம், கான்ட் முதலானோரை இன்றைய எளிய ஆங்கிலத்தில் திருத்தி எழுதி இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார். 'ஏர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' என்று தேடினால் கிடைக்கும். முதல் வாசிப்புக்கு அருமை. ஆனால் கட்டுரையில் அந்த வரிகளை ஹியூமின் வரிகளாக மேற்கோள் காட்டிவிடாதீர்கள், அவை பென்னட்டின் வரிகள். ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியமும் இலவசம். அதன் கட்டுரைகள் மிக நீளம். முன்னுரையையும் முதல் பிரிவையும் படித்து நிறுத்துங்கள். மூலத்தைத் தொடுமுன் முழுக் கட்டுரையையும் படித்துவிட்டால் பிறகு மூலத்தில் உங்கள் கண்ணுக்கு எதுவும் படாது, கலைக்களஞ்சியம் சொன்னதுதான் படும். மலையில் சிக்னல் வந்து வந்து போகும்; சேலத்துக்கு இறங்கும் நாளில் வேண்டியதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தர்க்கத்தில் நீங்கள் வகுப்பில் பலரைவிட ஒரு படி மேலே நிற்கிறீர்கள், உங்களுக்கே அது தெரியவில்லை. உண்மை அட்டவணையில் எழுத்து ஐந்து என்றால் 32 வரி என்பதை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். நியாயத்தொடர் (இரண்டு முற்கூற்றிலிருந்து ஒரு முடிவுக்குப் போகும் வாதம்) வடிவங்கள் 256-இல் மரபு தர்க்கம் 24-ஐச் செல்லும் என்கிறது, நவீன தர்க்கம் 15-ஐ மட்டும். ஏன் ஒன்பது குறைந்தது என்பது கலைப்பிரிவு மாணவர்களுக்குத் தலைவலி. வெற்றுக் கணத்தின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் எது சொன்னாலும் மெய் என்று படித்த உங்களுக்கு அது ஒரு வரி: 'எல்லா அ-வும் ஆ' என்பதிலிருந்து 'ஓர் அ உண்டு' என்று நவீன தர்க்கம் எடுத்துக்கொள்வதில்லை.

கணிதம் படித்தவர்கள் சறுக்குவது வேறு இடத்தில், பேச்சு வாக்கியத்தைக் குறியீட்டுக்கு மாற்றும்போது. "மழை பெய்தால் பஸ் நிற்கும்" என்பதற்கும் "மழை பெய்தால்தான் பஸ் நிற்கும்" என்பதற்கும் அம்புக்குறி எதிரெதிர்த் திசை. முதலாவதில் மழை போதுமான நிபந்தனை, இரண்டாவதில் தேவையான நிபந்தனை. ஆங்கில வினாத்தாளில் 'இஃப்', 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' மூன்றையும் பார்த்தால், தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு அம்பு போடுங்கள். நாளொன்றுக்குப் பதினைந்து வாக்கியம், இரண்டு வாரம். இதற்கு மேல் வேண்டாம்.

இந்தியத் தர்க்கத்தை இரண்டாம் பருவத்தில் வைத்திருப்பார்கள் என்றால், சமஸ்கிருதச் சொற்களைக் கண்டு மலைக்கும் முன் மணிமேகலையின் 29-ஆம் காதையைத் திறந்து பாருங்கள். மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் நூல் இருக்கிறது. பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித் தருகிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று): இம்மலை நெருப்புடையது. ஏது (காரணம்): புகை உடையதால். திட்டாந்தம் (எடுத்துக்காட்டு): அடுக்களையைப் போல. பிறகு உபநயம் (இம்மலையிலும் அதே புகை என்று பொருத்துவது), நிகமனம் (முடிவு). நீங்கள் பாடத்தில் பார்க்கப்போகும் பிரதிக்ஞை முதலான ஐந்து உறுப்பும் இதுதான். பிந்திய இரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கிவிடும் என்று அந்தக் காதையே சொல்கிறது; நியாயம் என்ற வைதிகத் தர்க்க மரபு அப்படி அடக்குவதில்லை. பௌத்தத் தர்க்கத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டோடு எழுதினால் நல்ல ஒரு பக்க விடை.

போலிகளைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏதுப்போலி, அதாவது பிழையான ஏது, மூன்று வகை: அசித்தம் (நிலைநிற்காதது), அநைகாந்திகம் (இருபுறமும் திரிவது), விருத்தம் (எதிரானதையே நிறுவுவது). அசித்தத்தில் ஒரு வகைக்குக் காதை தரும் எடுத்துக்காட்டு, ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. மார்கழிக் காலையில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து சேர்வராயன் மலையைப் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது. மேலே வெள்ளையாகத் தவழ்வது புகைதானா என்பதே நிலைநிற்கவில்லை என்றால், 'புகை இருந்தால் நெருப்பு இருக்கும்' என்ற விதி எவ்வளவு சரியாக இருந்தும் பயன் இல்லை. அநைகாந்திகம் அப்படி இல்லை. அங்கே ஏது கண்முன் இருக்கிறது, ஆனால் சாதிக்க வேண்டியது இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஏது திரிகிறது. 'மலையில் வெளிச்சம் தெரிகிறது, ஆகவே நெருப்பு' என்றால், மின்விளக்கிலும் வெளிச்சம் உண்டே. இந்த இரண்டையும் குழப்பி எழுதுவதுதான் தேர்வில் அதிகம் நடப்பது. விடையில் "ஏது அங்கே இருக்கிறதா?" என்று முதலில், "இருந்தால் அது சாத்தியத்தை (சாதிக்க வேண்டியதை) விட்டு விலகாமல் இருக்கிறதா?" என்று பிறகு கேட்டால் குழப்பம் வராது.

இன்னொன்று. ஐந்து உறுப்பைப் பார்த்ததும் "அரிஸ்டாட்டிலின் மூன்று வரியில் இரண்டு கூட்டியது" என்று எழுதிவிடாதீர்கள். அரிஸ்டாட்டிலின் வடிவத்தில் எடுத்துக்காட்டுக்கு இடமே இல்லை. முற்கூற்று பொய்யாக இருந்தாலும் வடிவம் செல்லும். இங்கே அடுக்களை இல்லாமல் வாதம் நிற்காது. கேட்பவர் கண்ட ஓர் இடத்தில் ஏதுவும் சாத்தியமும் சேர்ந்திருக்க வேண்டும். வடிவம் செல்வதையும் கூற்று மெய்யாக இருப்பதையும் தனித்தனியாக எடைபோடும் மேற்கத்திய பழக்கத்தை இதன்மேல் அப்படியே ஏற்ற முடியாது. எழுதிப் பழக இன்னும் கச்சிதமான இடம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம்: பன்னிரண்டு சூத்திரம்தான், ஒவ்வொன்றும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்தே கிடக்கிறது. வாதத்தைப் பிரிக்கிற வேலையை ஆசிரியரே செய்து வைத்திருப்பதால், நீங்கள் பிரித்தது சரியா என்று அங்கே சோதித்துக்கொள்ளலாம்.

கட்டுரைக்கு வருவோம். 1,500 சொல் என்றால் ஏறக்குறைய இப்படி: கேள்வியும் உங்கள் நிலைப்பாடும் 150, வாதத்தைக் கட்டிக்காட்டுவது 450, ஒரே ஓர் எதிர்ப்பு 350, அதற்கு நூலாசிரியர் தரப்பில் வரக்கூடிய மிகச் சிறந்த பதில் 300, உங்கள் தீர்ப்பு 250. மூன்று எதிர்ப்புகளை ஒவ்வொன்றும் ஐந்து வரியில் எழுதுவதைவிட ஒன்றைப் பிடித்து இறுதிவரை போவது மேல். "ஆதிகாலம் தொட்டே மனிதன்" என்று தொடங்கும் பத்தியை அடித்துவிடுங்கள். கான்ட் பிறந்த ஊர், அவர் உலாவப் போகும் நேரம் இவையெல்லாம் வேண்டாம். "இது அவரவர் பார்வையைப் பொறுத்தது" என்று முடிப்பதும் வேண்டாம்; நான்கு பக்கம் எழுதி எதுவும் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பு. முதல் பத்தியில் "இந்தக் கட்டுரையில் ஹியூமின் இரண்டாம் கூற்று நிற்காது என்று வாதிடப்போகிறேன், காரணம் இது" என்ற வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எழுத வரவில்லை என்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை. எழுத உட்கார வேண்டாம், மறுபடி படிக்கப் போங்கள்.

உங்களுக்கென்று ஒரு தலைப்பு சொல்கிறேன். 7 + 5 = 12 என்பது அனுபவம் சாராதது, ஆனாலும் வெறும் சொற்பொருளைப் பிரித்து அறிவதும் இல்லை, விரல்களையோ புள்ளிகளையோ மனக்கண்ணில் கூட்டித்தான் 12-ஐ அடைகிறோம் என்கிறார் கான்ட் (பி 15). 1884-இல் ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரேகே அதை மறுத்தார்: 135664 + 37863 = 173527 என்பதற்கு எந்த விரலை மடக்குவது? எண்கணிதம் தர்க்கத்திலிருந்தே வரும் என்பது அவர் எண்ணம். ஆனால் வடிவியலில் கான்ட் சொன்னது சரி என்றே ஃப்ரேகே கருதினார். 1902-இல் ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸல் எழுதிய கடிதம் ஃப்ரேகேயின் அமைப்புக்குள் முரண்பாடு இருப்பதைக் காட்டியது. இந்த வழியில் உங்களோடு ஓடிவர வகுப்பில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். விருப்பப் பாடம் எடுக்கும்போது தர்க்கம், அறிவாய்வியல், கணிதத்தின் தத்துவம் பக்கம் பாருங்கள்.

வகுப்பில் பெயர்களை உதிர்ப்பவர்களைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். பாதிப் பேர் ஸ்டான்ஃபோர்டின் முதல் பத்தியைத்தான் உதிர்க்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை, பெயர் இல்லாதவை: "மூன்றாம் கூற்று இல்லாவிட்டால் முடிவு வராதா?", "இந்தப் பத்தியில் பேசுவது இவரா, எதிராளியா?" முந்தின நாள் இரவே தமிழில் ஒன்றை எழுதி, ஆங்கிலத்தில் ஒரு வரியாக்கிக் கொண்டுபோங்கள். ஆசிரியரைத் தனியே பார்க்கப் போனால் "சார், கான்ட் புரியலை" என்று நிற்காதீர்கள். ஐந்து வரித் தாளை நீட்டி, நான்காம் வரி எப்படி வருகிறது என்று கேளுங்கள். பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும், அடுத்த முறை அவரே உட்காரச் சொல்வார்.

அம்மா விஷயம். வகுப்பில் எதிர்க்கருத்தை முன்வைப்பது பயிற்சி. எதிரே இருப்பவரும் அதே விளையாட்டுக்கு ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுப்படியில் அம்மா அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவரிடம் தீமைச் சிக்கல் (நல்ல கடவுள் இருந்தால் உலகில் தீமை ஏன்) வாதத்தைக் கொண்டுபோவதில் யாருக்கும் எதுவும் விளங்காது. அவர் ஏன் நம்புகிறார் என்று கேட்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். சமயத் தத்துவத் தாளுக்கு அது நல்ல தயாரிப்பும்கூட. உங்களுக்கு வந்திருக்கும் ஐயத்தை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அடுப்படிக்கு அதை வெல்ல வேண்டிய வழக்காகக் கொண்டுபோகாதீர்கள்.

வேலை பற்றி ஒளிவு மறைவு இல்லாமல்: தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தத்துவத் துறைகள் குறைவு, ஆகவே ஆசிரியர் இடங்களும் குறைவு. தத்துவ எம்.ஏ.வைக் காட்டிப் பள்ளி ஆசிரியர் ஆக வழியும் குறுகல். ஆனால் உங்கள் பி.எஸ்சி. கணிதம் எங்கேயும் போய்விடவில்லை. பி.எட். சேரத் தேவை அந்தப் பட்டம்தான்; எம்.ஏ. முடித்த பிறகும் சேரலாம். வீட்டில் இதைச் சொல்லுங்கள்: நீங்கள் டீச்சர் ஆகும் கதவை மூடவில்லை, இரண்டு வருடம் தள்ளிவைத்திருக்கிறீர்கள். பாதிப் பேச்சு அடங்கும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தத்துவத்தின் எண் 03. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, சேர்த்து மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. எம்.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம். எம்.ஏ.வில் பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 50 வேண்டும். உங்கள் 11 என்பது 44 சதவீதம். அக மதிப்பீட்டை அலட்சியப்படுத்த முடியாததற்கு இதுதான் காரணம். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 முதல் இந்தத் தொகை. குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக 500 மதிப்பெண்ணுக்கு உண்டு, தமிழிலேயே எழுதலாம். பாடத்திட்டம் பெரும்பாலும் உங்கள் எம்.ஏ. பாடமே. ஆனால் அந்தத் தேர்வை மட்டும் நம்பித் தத்துவம் படிக்கச் சொல்ல மாட்டேன். மூன்றாண்டுச் சட்டப்படிப்பு, பதிப்பகம், மொழிபெயர்ப்பு எல்லாம் திறந்தே இருக்கின்றன.

இரண்டாம் பருவம் முடிந்ததும் ஒரு சோதனை. முன்பின் பார்க்காத மூலநூல் ஒன்றில் இரண்டு பக்கம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு எண்ணிட்ட வரியாக்கி, எந்த வரியில் சந்தேகம் என்று ஒரு பத்தி எழுதுங்கள். வந்தால் தொடருங்கள். வரவில்லை, உட்கார மனமும் இல்லை என்றால் அப்போது விடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த மூன்று வாரத்துக்கு: காலையில் ஒன்றரை மணி நேரம் மூலநூல், நாளுக்கு நான்கு பக்கத்துக்கு மேல் போகாமல். முதல் வாரம் ஹியூமின் நான்காம், ஐந்தாம் பகுதிகள். இரண்டாம் வாரம் மணிமேகலை 29. மூன்றாம் வாரம் புரோலெகோமெனாவின் முன்னுரையும் தொடக்கப் பிரிவுகளும். மாலையில் முக்கால் மணி நேரம் தர்க்கப் பயிற்சி. வாரக் கடைசியில் பழைய ஹியூம் கட்டுரையைத் திருப்பி எழுதுங்கள், மதிப்பெண் வராது என்றாலும். பழம் பறிக்கும் காலம் என்பதால் தோட்டத்தில் கை கொடுக்கச் சொல்வார்கள். போங்கள், இந்த நேரக்கணக்கு அதற்கு இடம் விட்டே போட்டது.

ஆயிரம் ரூபாயில் விடைகளோடு பயிற்சிகள் நிறைய உள்ள தர்க்கப் பாடநூல் ஒன்றைப் பழைய பிரதியாக வாங்குங்கள். இர்விங் கோப்பி எழுதியது பரவலாகக் கிடைக்கும், பழைய பதிப்பே போதும். ஹியூமும் மணிமேகலையும் இணையத்தில் இலவசம். தத்துவ வரலாற்றுத் தொகுதிகளை இப்போது வாங்க வேண்டாம், நூலகத்தில் புரட்டினால் போதும். 'கைடு' என்று விற்கும் தேர்வுக் குறிப்புகளைத் தொடவே வேண்டாம், உங்கள் 11 மதிப்பெண் கட்டுரையைப் போலத்தான் அவை முழுக்க இருக்கும். மீதிப் பணத்துக்குக் கோடு போடாத நீள நோட்டு இரண்டும், பென்சிலும்.